பாதி எண்ணெய்

லாந்தரில் எண்ணெய் பாதிக்கு வந்ததும் என் கை தானாக நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் திரையில் எரியும் லாந்தரைத்தான் சொல்கிறேன். கல் சுவரையும் இருட்டையும் தவிர பெரிதாக எதுவும் காட்டாத ஒரு பழைய பாதாள ஆட்டம் அது. ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊரிலிருந்து படியிறங்க வேண்டும். கட்டம் கட்டமாக நகர்ந்து, எதிரே வருவதோடு சண்டை போட்டு, கிடைத்ததை அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். கல்லூரியில் படிக்கும்போது இராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஆடியிருக்கிறேன். அப்போதே அது பழசு. இப்போது அதையெல்லாம் தூசி தட்டி, இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி செய்து மறுபடி விற்கிறார்கள். என்னைப் போல நாற்பதைத் தாண்டியவர்கள்தான் வாங்குகிறோம் என்று நினைக்கிறேன். எண்ணெய் இன்னும் கிடக்கிறது, அடுத்த கதவு எதிரிலேயே இருக்கிறது, ஆனாலும் கை நிற்கிறது. இந்தப் பழக்கத்தை எனக்கு ஒட்டவைத்தவர் ஒரு விசைப்படகு டிரைவர்.

தங்கச்சிமடத்தில் நான் கணினி ஆசிரியராக இருந்த வருஷங்களில் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். எனக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாய்க் காட்டையும் கருவேலத்தையும் பார்த்து வளர்ந்தவன். கடல் என்பது பஸ் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிற சமாச்சாரம், அவ்வளவுதான். கீழ் வீட்டில் அவரும், அவர் மனைவியும், இரண்டு பெண் பிள்ளைகளும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். குள்ளமான ஆள். எங்கே உட்கார்ந்தாலும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். பேசிக்கொண்டே இருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

சித்திரை பிறந்ததும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வந்துவிடும். மீன் குஞ்சு பொரிக்கிற காலம், இரண்டு மாதம் கடலுக்குப் போகக் கூடாது. போட்டைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டால் டிரைவர்களுக்கு வேலை இல்லை. எனக்கும் அப்போது பள்ளி விடுமுறை. அப்படி ஒரு மதியத்தில், தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிகிறது என்று சொல்ல மாடிக்கு வந்தவர், என் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"இது என்ன எடம் சார்?"

"பாதாளம்ணே. கீழ போகப் போகப் பூதம், பிசாசுன்னு வரும்."

"வரட்டும். திரும்பி வார வழி எங்கன இருக்கு?"

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்பதே மறந்துபோயிருந்தது. அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து தடைக்காலம் முடியும்வரை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தோளில் துண்டோடு வந்துவிடுவார். கீபோர்டைத் தொடமாட்டார். ஆங்கிலம் படிக்க வராது. நான் படித்துச் சொல்ல வேண்டும், நான் விசையை அழுத்த வேண்டும். எப்போது திரும்புவது என்பது மட்டும் அவர் கையில்.

ஆறு பேருக்கும் அவர் போட்டில் வேலை செய்கிறவர்களின் பெயரையே வைத்தார். முன்வரிசைச் சண்டைக்காரர்கள் சூசை, மரியான், ஜெபமாலை. பின்னால் ரூபன், சேவியர், அந்தோணி. இதில் அந்தோணி பூசாரி, ரூபன் திருடன். நிஜ ரூபன் ஒருநாள் மாடிக்கு வந்து இதைக் கேள்விப்பட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். உங்கள் பெயரை வைக்கவில்லையா அண்ணே என்று கேட்டேன்.

"டிரைவரு நாந்தானே சார். இங்கனதான் உக்காந்திருக்கேன்ல."

லாந்தர் எண்ணெய் பாதி தீர்ந்தால் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் சட்டம். ஆட்களில் யாருக்காவது பலமாக அடிபட்டிருந்தால் பாதிக்கு முன்பே திரும்ப வேண்டும். எதிரே பெட்டி தெரியும், பெட்டிக்குள் நல்ல வாள் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அதற்குத் திரும்பலாம் என்று அர்த்தம். இன்னும் எவ்வளவோ எண்ணெய் இருக்கிறதே என்று நான் இழுத்தால், "போறதுக்கு இல்ல சார் எண்ணெய், வாரதுக்கு" என்பார். இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. எரிச்சல் எரிச்சலாக வரும்.

இந்த ஆட்டத்தை இப்போது ஆடுகிற எல்லாரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. நல்ல நிலையில் இருக்கும்போது ஆட்டத்தை அப்படியே ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஆட்கள் செத்தால் காப்பியிலிருந்து மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம். பழைய காலத்தில் அது அவ்வளவு சுலபமில்லை, செத்தது செத்ததாகவே பதிந்துவிடும். நான் அவரிடம் இந்த வசதியை விளக்கினேன்.

"அப்ப செத்தாலும் சாகமாட்டானுகளா?"

"ஆமாண்ணே. நடந்ததே இல்லைன்னு ஆயிரும்."

"அது வேண்டாம் சார். அப்புறம் இவனுக நம்மள நம்ப மாட்டானுக."

திரையில் இருக்கிற புள்ளி மனிதர்கள் எங்களை நம்புகிறார்களா இல்லையா என்று நான் அதுவரை நினைத்ததில்லை. சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, காப்பியும் எடுக்கவிடவில்லை.

ஆட்டத்தில் மட்டும் இப்படி என்றால் பரவாயில்லை. மனிதர் எல்லாவற்றிலும் அப்படித்தான். போன் சார்ஜ் பாதிக்கு வந்தால் பேச்சை முடித்துவிடுவார், எதிரில் பேசுவது யாராக இருந்தாலும். இராமநாதபுரத்தில் கல்யாணம் என்றால் தாலி கட்டியதும் எழுந்துவிடுவார், மொய் எழுதக் கொஞ்ச நேரம், சாப்பிடுவது பந்தி காலியாக இருந்தால்தான். ஒரு வருஷம் பிள்ளைகள் நச்சரித்து வேன் பிடித்துக் கொடைக்கானலுக்குக் கிளம்பினார்கள். வத்தலக்குண்டு தாண்டியதும் மலைமேல் மேகம் கறுத்திருப்பதைப் பார்த்து வேனைத் திருப்பச் சொல்லிவிட்டார். சின்னவள் வெகுநாள் வரை வத்தலக்குண்டுதான் கொடைக்கானல் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவர் மனைவிதான். நான் அவர்களை அக்கா என்பேன். கொடியில் துணி காயப்போட மாடிக்கு வரும்போதெல்லாம், எங்களைப் பார்த்து ஏதாவது ஒன்று சொல்லாமல் போகமாட்டார்.

"எங்க கல்யாணத்தன்னைக்கே பாதி வழியில திரும்பியிருப்பாக சார். கோயிலு தெரு முக்குலயே இருந்துச்சு, நான் தப்பிச்சேன்."

அவர் காதில் விழாததுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்தக் கிண்டல் அவருக்குப் பிடிக்கும், கழுத்து சிவக்கும்.

இந்தக் குணத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு கதை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சின்ன வயதில் புயலில் சிக்கியிருக்கலாம், டீசல் தீர்ந்து நடுக்கடலில் கிடந்திருக்கலாம். ஒருநாள் கேட்டே விட்டேன். கடல்ல எப்பவாவது மாட்டியிருக்கீங்களா அண்ணே?

"மாட்டுனதே இல்ல சார். அதான் சொல்றேன்."

அவ்வளவுதான் கதை. அவர் போட்டு மற்றப் போட்டுகளைவிட மீன் குறைவாகத்தான் கொண்டுவரும், முதலாளி முணுமுணுப்பார். இருந்தாலும் பையனை முதல்முறை தொழிலுக்கு அனுப்புகிற தாய்மார் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆட்டத்துக்கு இன்னொரு பார்வையாளன் உண்டு, அக்காவின் தம்பி டைட்டஸ். தாய் தகப்பன் இல்லாமல் அக்காதான் வளர்த்தார். அடுத்த தெருவில் இருந்துகொண்டு, சிநேகிதர்கள் இரண்டு பேரோடு சின்ன பைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போவான். வள்ளத்துக்குத் தடைக்காலம் கிடையாது. காலையில் கரைக்கு வந்து தூங்கி எழுந்து, மதியம் மாடிக்கு வந்து என் கட்டிலில் சாய்ந்துகொள்வான். மாப்பிள்ளைச் சிரிப்பு. அக்காவுக்கு அவன்மேல் உயிர்.

"இன்னும் ஒரே ஒரு கதவு மச்சான். தொறந்து பாத்துட்டுத் திரும்புவோம்."

"ஏலே, சும்மா கெட."

"என் பேரையும் ஒருத்தனுக்கு வைக்கலாம்ல."

"நீ திரும்புன்னா திரும்பமாட்ட."

அவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். நான் மனதுக்குள் டைட்டஸ் கட்சி. அவர் கீழே போன பிறகு நாமே அந்தக் கதவைத் திறந்து பார்ப்போமா சார் என்று கேட்பான். செய்யவில்லை. இரண்டு தடைக்காலம் ஆடியும் நாங்கள் நாலாவது தளத்தின் வாசலைத் தாண்டவில்லை.

இரண்டாவது தடைக்காலம் முடிந்து வந்த ஆடிக்காற்றில் டைட்டஸின் வள்ளம் தனுஷ்கோடிக்குத் தெற்கே கவிழ்ந்தது. கூட இருந்த இரண்டு பேர் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள், விடியும்போது வேறொரு படகு அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. டைட்டஸை நீவாடு இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். கடலுக்குள் ஓடுகிற நீரோட்டத்துக்கு அங்கே அதுதான் பெயர். எந்தப் பக்கம் இழுத்தது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒருத்தனைக் காணவில்லை என்றால் அந்தக் கரையில் யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள், தேடத்தான் போவார்கள். அன்று எல்லாப் போட்டும் தேடப் போனது. முதலில் கிளம்பிய போட்டுகளில் அவருடையதும் ஒன்று. அக்கா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். மதியத்துக்கு மேல் காற்று பலத்தது, மணல் முகத்தில் அடித்தது. அப்போது முதல் போட்டாகத் திரும்பி வந்தது அவருடையது.

அக்கா இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டார். அவர் போட்டிலிருந்து இறங்கித் தலையை அசைத்தார்.

"எதுவரைக்கும் போனீக?"

அவர் ஏதோ ஒரு மணல் திட்டின் பெயரைச் சொல்லி, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் என்றார்.

"டீசலு?"

"பாதி இருக்கு."

அக்கா அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. கரைக்கு வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். அவர் அக்கா பக்கத்தில் போகவில்லை. காற்று கொஞ்சம் தணிந்ததும் டீசல் நிரப்பிக்கொண்டு மறுபடி போனார். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. மற்றப் போட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன, ஒன்று டீசல் தீர்ந்து மறுநாள் இன்னொரு போட்டில் கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் தேடினார்கள். டைட்டஸ் கிடைக்கவே இல்லை.

ரூபன் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னான்.

"நாங்க எல்லாரும் கெஞ்சினோம் சார், இன்னும் கொஞ்சம் போவோம்ணேன்னு. காத்து ஏறிட்டே இருந்துச்சு. பேசாமத் திருப்பிட்டாரு. கரை வார வரைக்கும் எங்க யாரு மூஞ்சியையும் பாக்கல."

அன்றிலிருந்து அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சோறு வடிக்கிற நேரத்தில் சோறு வடிந்தது, சட்டை துவைத்து மடித்து வைக்கப்பட்டது. "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்று பெரியவளிடம் சொல்வார், அவர் அடுத்த அறையில்தான் இருப்பார். டைட்டஸுக்காகக் கோயிலில் பூசை வைத்தார்கள். புதைக்க உடம்பு இல்லாததால் கல்லறைத் தோட்டத்துக்குப் போகாமல் எல்லாரும் நேராக வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்கும் அக்கா பேசவில்லை. அவரும் தன் பக்கத்து நியாயம் என்று ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. துணி எடுக்க வந்த அக்காவிடம், கடைசி வரைக்கும் போன போட்டுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லையே அக்கா என்றேன்.

"ஆமா சார். அவுக போயி, பாத்து, இல்லைன்னு வந்தாக. இவுக பாக்காம வந்தாக."

போட்டில் இருந்த ஆறு பேரும் அவர்கள் வீட்டில் சோறு தின்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அக்காவுக்கும் தெரியும்.

அடுத்த தடைக்காலம் வந்தது. அவர் மாடிக்கு வரவில்லை. நானும் ஆட்டத்தைத் திறக்கவில்லை. பல நாள் கழித்து ஒரு மதியம் படியில் காலடி கேட்டது. வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தொறங்க சார். இன்னைக்குத் திரும்ப வேண்டாம்."

காப்பி எடுத்துக்கொள்ளவா என்றேன், வேண்டாம் என்று தலையாட்டினார். நாலாவது தளத்துக்குள் போனோம். அவரே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், ஒற்றை விரலால் அழுத்தினார். எண்ணெய் பாதியானது. நான் அவரைப் பார்த்தேன், அவர் விரல் நிற்கவில்லை. கதவு கதவாகத் திறந்துகொண்டே போனார். எண்ணெய் தீர்ந்து திரை கறுத்தது. இருட்டில் ஏதோ ஒன்று அடிக்க ஆரம்பித்தது. எது அடிக்கிறது என்றுகூட அந்த ஆட்டம் சொல்லாது.

"சூசை?"

"போயிட்டாருண்ணே."

"மரியான்?"

"போயிட்டாரு."

ஆறு பேரையும் இப்படித்தான் கேட்டார். கடைசியாக ரூபன். அவனும் போன பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, அந்த ஆட்டத்தில் ஒரு விஷயம் உண்டு அண்ணே என்று ஆரம்பித்தேன். செத்தவர்கள் செத்த இடத்திலேயே கிடப்பார்கள். புதிதாக ஆறு பேரைச் சேர்த்து, கீழே இறங்கித் தேடி, தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தால், கோயிலில் உயிர் கொடுக்கப் பார்ப்பார்கள். சில சமயம் வரும், சில சமயம் வராது.

"அங்கனயேதான் கெடப்பாங்களா?"

"அங்கனயேதான்."

"எத்தன நாள் ஆனாலும்?"

"எத்தன நாள் ஆனாலும்ணே. எடம் மாறாது."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "சரி, ஆளச் சேருங்க" என்றார்.

இந்தமுறை மனிதப் பெயர் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். வலையில் ஏறுகிறவற்றின் பெயர்தான்: சீலா, பாறை, விளைமீன், நண்டு, சூடை, கணவாய். கணவாய் மந்திரவாதி. ஒன்றும் தெரியாத சோப்ளாங்கிகள், முதல் தளத்து எலியிடமே அடிவாங்கின. அவற்றைத் தேற்றி எடுக்கத் தடைக்காலம் முழுவதும் ஆனது. பழைய சட்டம் மறுபடி வந்துவிட்டது, பாதி எண்ணெயில் திரும்பினோம். விசையை அழுத்துவது மறுபடி என் வேலையானது. நான் ஒருநாளும் முணுமுணுக்கவில்லை.

தடை முடிகிற வாரத்தில்தான் நாலாவது தளத்துக்குப் போனோம். கரையில் போட்டுகளுக்கு ஐஸ் ஏற்றும் சத்தம் மாடிவரை கேட்டது. என் அறைக் கதவு திறந்திருந்தது. அக்கா கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தார். கடந்த ஒரு வருஷமாக எங்கள் பக்கம் பார்க்காமலே போய்விடுவார். அன்று கையில் துணியோடு வாசலில் நின்றார்.

"என்ன சார் தேடுறீங்க?"

"கீழ நம்ம ஆளுங்க ஆறு பேரு கெடக்காங்கக்கா. தூக்கிட்டு வரப் போறோம்."

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து துணியை மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலியில் இருந்த அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் முதுகு விறைத்துவிட்டது. நான் நகர்ந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவில் எண்ணெய் பாதியானது.

"அண்ணே, பாதி" என்றேன்.

அவர் துண்டை எடுக்கவும் இல்லை, போங்க என்று சொல்லவும் இல்லை. நான் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"அவங்க கெடக்குற எடம் தெரியுமா சார்?" என்று அக்கா கேட்டார்.

"தெரியும்கா. அந்தக் கதவுக்கு அங்கிட்டு ரெண்டாவது அறை."

அக்கா ஒரு சட்டையை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"எடம் தெரிஞ்சிருந்தா நீங்க போயிருப்பீக" என்றார்.

அந்த 'நீங்க' நான் இல்லை. அவருக்கும் அது புரிந்தது. நாற்காலியோடு திரும்பினார். ஒரு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"போயிருப்பேன். டீசலப் பாத்திருக்கமாட்டேன்" என்றார்.

அக்கா கையில் இருந்த சட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அழுகிற சத்தம் வெளியே வரவில்லை. பிறகு எழுந்து, "கீழ வாங்க. சோறு எடுத்து வைக்கேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டு இறங்கினார். அவர் பின்னாலேயே போனார். அந்த ஆறு பேரை அன்றைக்கு நாங்கள் தூக்கவில்லை.